ட்ரோன் விட லைசென்ஸ் வேண்டுமா? காவிரிக் கரையில் பறக்கவிட்டுத் தெரிந்துகொண்டவை

ட்ரோனைப் பையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தால் போதும், யாராவது பக்கத்தில் வந்து நின்றுவிடுவார்கள். கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். அப்புறம் கேட்பார்கள்: "தம்பி, இதுக்கு லைசென்ஸ் இருக்கா?" வயலுக்குத் தண்ணீர் கட்ட வந்த பெரியவரும் இதைத்தான் கேட்பார், ரோந்து வந்த காவலரும் இதைத்தான் கேட்பார். ட்ரோன் வாங்கலாம் என்று யோசிக்கும் நண்பர்கள் போனில் முதலில் கேட்பதும் இதுதான்.

திருச்சி வட்டாரத்தில் பொழுதுபோக்குக்காக ட்ரோன் விடுபவன் நான். படம் எடுக்க 249 கிராம் ட்ரோன் ஒன்று, பாகங்கள் வாங்கி நானே கோத்த குவாட் (நான்கு விசிறி ட்ரோன்) ஒன்று, இரண்டும் இருக்கின்றன. இத்தனை நாள் பழக்கத்தில் எனக்குத் தெரிந்தது இது: சின்ன ட்ரோனைச் சொந்த ஆசைக்குப் பறக்கவிடுபவர் லைசென்ஸைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ட்ரோன் எத்தனை கிராம், எதற்காக விடுகிறோம், எந்த இடத்தில் விடுகிறோம் என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. அதிலும் இடம்தான் பெரிய விஷயம். வம்பில் மாட்டிக்கொண்டவர்களை விசாரித்துப் பாருங்கள், பெரும்பாலும் நிற்கக் கூடாத இடத்தில் நின்றிருப்பார்கள்.

இந்தியாவில் இப்போது நடப்பில் இருப்பது 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள். அதற்கு முன்பு 2018 டிசம்பரில் வந்த ஒரு விதிமுறை இருந்தது. 2021 மார்ச்சில் இன்னொன்று வந்தது. அந்த மார்ச் விதிகளின்படி 25 படிவங்கள் இருந்தன, ஆகஸ்ட் விதிகளில் அது 5 ஆகக் குறைந்தது. கட்டண வகைகள் 72-லிருந்து 4 ஆயின. இந்தப் பழைய கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இணையத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும் தகவலில் பாதி அந்தப் பழைய விதிகளைப் பார்த்து எழுதியது. "நானோ ட்ரோன் 50 அடிக்கு மேல் போகக் கூடாது" என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது 2018 காலத்துக் கட்டுப்பாடு. எதைப் படித்தாலும் அது எந்த வருஷம் எழுதியது என்று முதலில் பாருங்கள்.

எடைக்கு வருகிறேன். 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 2 கிலோவிலிருந்து 25 கிலோ வரை சிறியது. அதற்கு மேலே உள்ள வகைகள் நம்மைப் போன்றவர்களுக்குத் தேவைப்படாது. இந்த 250 கிராம் கோட்டை மனதில் வைத்துத்தான் கம்பெனிகள் 249 கிராமில் ட்ரோன் செய்கின்றன. ஆனால் விதி பார்ப்பது பறக்கும்போது உள்ள மொத்த எடையை, பெட்டியில் அச்சடித்த எடையை அல்ல. விசிறிக்குப் பாதுகாப்பு வளையம் மாட்டினால், லென்ஸ் மேல் ஃபில்டர் போட்டால், இரவில் தெரிய ஒரு சின்ன விளக்கு ஒட்டினால் கோட்டைத் தாண்டிவிடும். டிஜேஐ மினி 3 ப்ரோவில் பெரிய பேட்டரியைப் போட்டால் எடை சுமார் 290 கிராம். அந்த நிமிஷமே அது மைக்ரோ. சமையலறையில் வைக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எதை மாட்டினாலும் எடை போட்டுப் பாருங்கள்.

சரி, லைசென்ஸ். 2022 பிப்ரவரி 11 திருத்தத்தில் 'தொலைவிமானி உரிமம்' (தரையிலிருந்து ட்ரோனை இயக்குபவருக்கான லைசென்ஸ்) என்பதையே எடுத்துவிட்டு 'தொலைவிமானிச் சான்றிதழ்' என்று மாற்றினார்கள். பயிற்சி முடித்தவருக்கு அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனம் வழியாகவே அது கிடைக்கும். நானோ ட்ரோனுக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோ ட்ரோனை வணிக நோக்கமில்லாமல் விட்டாலும் தேவையில்லை. ஆகவே 2 கிலோவுக்கு உட்பட்ட ட்ரோனைப் பொழுதுபோக்குக்கு மட்டும் விடுபவர் எந்தப் பயிற்சி நிறுவனத்துக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. "லைசென்ஸ் எடுத்துத் தர்றோம்" என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால், எந்த விதிப்படி எனக்கு அது வேண்டும் என்று கேளுங்கள்.

'வணிக நோக்கம்' என்ற சொல்லில்தான் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "மண்டபத்துக்கு மேல ரெண்டு ஷாட் எடுத்துக் கொடு, பெட்ரோல் காசு தந்துடறேன்" என்று அடிக்கடி கேட்பார். காசு கை மாறியதும் அது பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்ள முடியாது. மைக்ரோ ட்ரோனாக இருந்தால் விடுபவரிடம் சான்றிதழ் இருக்க வேண்டும். அவருக்கு நான் சொன்ன யோசனை: தொழிலுக்கு வேண்டும் என்றால் நீங்களே பயிற்சி எடுத்துவிடுங்கள். பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், வயது 18-லிருந்து 65-க்குள் இருக்க வேண்டும். சில நாள் பயிற்சிதான், சான்றிதழ் பத்து வருஷம் செல்லும். முன்பு பாஸ்போர்ட் கேட்டார்கள். கிராமத்துப் பையன்களுக்கு அது பெரிய தடையாக இருந்தது. 2023 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம் மாதிரி ஏதாவது ஒரு அரசு அடையாளச் சான்று போதும். நல்ல மாற்றம் அது.

வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டியது நிறைய. 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாகவோ, பிரித்து வைத்த முழு செட்டாகவோ இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு மாதிரி சில தேவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. சிங்கப்பூரில் இருக்கும் என் மாமா பையன், "தீபாவளிக்கு வர்றேன், ஒண்ணு வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டான். வேண்டவே வேண்டாம் என்றேன். பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாலும் அது இறக்குமதிதான். திருச்சி விமான நிலையத்தில் சுங்கத்தில் எடுத்து வைத்துவிட்டால் பொருளும் போகும், ஊருக்கு வந்த சந்தோஷமும் போகும். தனித்தனிப் பாகங்களுக்கு அந்தத் தடை கிடையாது. மோட்டார், பறப்பதைக் கட்டுப்படுத்தும் ஃப்ளைட் கன்ட்ரோலர், ஃப்ரேம் என்று தனித்தனியாக வாங்கித் தாங்களே கோப்பவர்கள் இவ்வளவு பேர் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லா ட்ரோனையும் பதிவு செய்து யூஐஎன் என்கிற தனி அடையாள எண் வாங்க வேண்டும் என்பது 14-ஆம் விதி. பதிவுக் கட்டணம் 100 ரூபாய்தான். நானோவுக்கு விமானிச் சான்றிதழ் வேண்டாம், வகைச் சான்றிதழ் (அந்தத் தயாரிப்பு தரத்துக்கு உட்பட்டது என்ற சான்று) வேண்டாம், மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டாம். ஆனால் பதிவு வேண்டாம் என்று அந்த விதிகளில் எங்கேயும் எழுதவில்லை. 'மாடல்' என்று ஒரு வகை இருக்கிறது: 25 கிலோவுக்கு உட்பட்டு, படிப்பு, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு போன்றவற்றுக்கு மட்டும், கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் விடுவது. அதற்கும் வகைச் சான்றிதழ் தேவையில்லை. கடையில் முழுதாக வாங்கும் மற்ற ட்ரோன்களுக்கு, அந்தத் தயாரிப்புக்கு வகைச் சான்றிதழ் இருந்தால்தான் பதிவு எண் கிடைக்கும். ஆகையால் கடைக்காரரிடம் "கேமரா எவ்வளவு கே?" என்று கேட்பதற்கு முன், "இதுக்கு யூஐஎன் கிடைக்குமா? ஜிஎஸ்டி பில் தருவீங்களா?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வெளியே வந்துவிடுங்கள்.

பழைய ட்ரோன் வாங்குபவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். 2021 நவம்பர் 30-க்குள் இந்தியாவுக்கு வந்துவிட்ட ட்ரோன்களைப் பதிவு செய்ய ஒரு சலுகைக் காலம் தந்தார்கள். அது எப்போதோ முடிந்துவிட்டது. அதில் பதிவு செய்யாமல் விட்டவர்கள்தான் இன்று பாதி விலைக்கு விற்கிறார்கள். விற்பவரிடம் யூஐஎன் இருந்தால் 100 ரூபாய் கட்டி உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் பிரச்சினையையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். இன்னொன்று, அந்த எண் ட்ரோனின் வரிசை எண்ணோடும் உள்ளே இருக்கும் கன்ட்ரோலரின் வரிசை எண்ணோடும் இணைக்கப்பட்டது. பழுது பார்க்கும்போது கன்ட்ரோலரை மாற்றினால் பதிவிலும் மாற்ற வேண்டும். தாங்களே கோப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இனி இடம். நான் அதிக நேரம் செலவழிப்பது இதில்தான். ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையில் 2021 செப்டம்பர் 24 முதல் இந்திய வான்வெளி வரைபடம் கிடைக்கிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். பச்சையில் 400 அடி வரை, அதாவது 120 மீட்டர் வரை, முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். மஞ்சளில் அந்தப் பகுதியின் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கூடாது. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் போகாதீர்கள். 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள். 8 முதல் 12 வரை 200 அடி மட்டும் பச்சை, அதற்கு மேல் மஞ்சள்.

இதைத் திருச்சியில் வைத்துப் பார்த்தால் நன்றாகப் புரியும். மலைக்கோட்டை விமான நிலையத்திலிருந்து நேர்கோட்டில் ஆறேழு கிலோமீட்டர். திருச்சிக்கு வருபவர்கள் எல்லோரும் ட்ரோனில் எடுக்க ஆசைப்படும் இடம் அது. அங்கே ஓர் அடி உயரம்கூட அனுமதி இல்லாமல் ஏற்ற முடியாது. ஸ்ரீரங்கம் 8 கிலோமீட்டருக்கு வெளியே, 12-க்கு உள்ளே வருகிறது. வெறும் தூரக் கணக்குப்படி அங்கே உச்சவரம்பு 200 அடி. ராஜகோபுரத்தின் உயரமே 236 அடி! ஆக, கோபுரத்தின் கலசத்தை மேலிருந்து எடுக்கும் படம் அனுமதியில்லாமல் எடுக்கவே முடியாத படம். கூட்டம், கோயில் நிர்வாகம், போலீஸ் பாதுகாப்பு எல்லாம் அதற்கு மேல். லால்குடிப் பக்கமும் முக்கொம்புப் பக்கமும் 12 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றன. என் ட்ரோன்கள் பெரும்பாலும் பறப்பது லால்குடிப் பக்கத்து வயல்களுக்கு மேல்தான். நாற்று நட்ட கையோடு, வெயில் ஏறுவதற்கு முன் மேலிருந்து பார்த்தால் வயல் முழுக்க வானம் கிடக்கும். மலைக்கோட்டை கிடைக்கவில்லையே என்று எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

விமான நிலையம் மட்டும் பார்த்தால் போதாது. திருவெறும்பூர் பக்கம் படைக்கலத் தொழிற்சாலை இருக்கிறது. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. அதே ஊரில் இருக்கும் பெரிய கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. சூலூரில் விமானப்படை, அரக்கோணத்திலும் உச்சிப்புளியிலும் கடற்படை விமானத் தளங்கள், கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணுமின் நிலையங்கள். பாம்பன் பாலத்தைப் படம் எடுக்க ட்ரோனோடு கிளம்புபவர்கள் உச்சிப்புளி போகிற வழியில்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. காடு என்றால் வனத்துறை அனுமதி தனி. முதுமலையில் யானைக் கூட்டத்துக்கு மேல் ட்ரோன் ஏற்றுவது விதியை மீறுவது மட்டுமல்ல, அந்த உயிர்களுக்குச் செய்யும் கொடுமை. அந்தச் சத்தத்துக்கு அவை மிரண்டு ஓடும்.

வரைபடம் அடிக்கடி மாறும். நேற்று பச்சையாக இருந்தது இன்றும் அப்படியே இருக்கும் என்று நம்பக் கூடாது. மாநில அரசோ காவல் துறையோ ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை அப்படி அறிவிக்க முடியும். பிரதமர் வருகை, பெரிய மாநாடு, வைகுண்ட ஏகாதசி மாதிரி கூட்டம் கூடும் நாட்களில் மாவட்ட நிர்வாகம் தனியாகத் தடை போடுவதும் நடக்கும். முந்தின நாள் மாலை உள்ளூர்ச் செய்தியை ஒரு முறை பார்த்துவிடுங்கள். பறக்கும் அன்று காலை வரைபடத்தை மறுபடி திறந்து, தேதியும் நேரமும் தெரிய ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோனோடு வரும் ஆப் ஒரு வரைபடம் காட்டும். அது கம்பெனியின் கணக்கு. அது "பறக்கலாம்" என்று சொன்னதால் இந்தியச் சட்டம் சொன்னதாக ஆகாது.

உயரத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. ரிமோட்டில் தெரியும் உயரம் நீங்கள் ட்ரோனை ஏற்றிய இடத்திலிருந்து கணக்கிட்டது. வயலில் நின்றால் பிரச்சினை இல்லை. பச்சைமலை மாதிரி இடத்தில் விளிம்பில் நின்று பள்ளத்தாக்கின் மேல் விட்டால், திரையில் 100 மீட்டர் என்று இருக்கும், கீழே தரையிலிருந்து அளந்தால் அது பல மடங்காக இருக்கும். ஆப்பில் உச்ச உயரத்தை 120 மீட்டரில் பூட்டி வையுங்கள். 200 அடி மண்டலத்துக்குப் போகும் அன்று 60 மீட்டராகக் குறையுங்கள். மலையில் சரிவை ஒட்டியே பறக்கவிடுங்கள்.

ஒரு நாள் காலை வாய்க்கால் கரையில் விட்டுக்கொண்டிருந்தபோது பைக்கில் ஒரு காவலர் வந்து நின்றார். யாரோ போன் செய்திருக்கிறார்கள். "பர்மிஷன் வாங்கினீங்களா?" என்றார். "சார், இருங்க, முதல்ல இறக்கிடறேன்" என்று சொல்லி இறக்கினேன். பறந்துகொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். கவனம் சிதறும், அவருக்கும் நீங்கள் அலட்சியமாக இருப்பதாகத் தோன்றும். அப்புறம் ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். ஜிஎஸ்டி பில், யூஐஎன் நகல், அடையாள அட்டை, அன்றைய வரைபட ஸ்கிரீன்ஷாட், 2021 விதிகளில் நமக்கு வேண்டிய பக்கங்களின் அச்சுப் பிரதி. எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். "இது பச்சைன்னு போட்டிருக்கே, அப்ப பர்மிஷன் வேணாமா?" என்று அவரே கேட்டார். விளக்கினேன். ட்ரோன் எடுத்த படத்தையும் காட்டினேன். போகும்போது, "அடுத்த தடவை ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு விடுங்க தம்பி, போன் வந்தா நாங்களே பதில் சொல்லிடுவோம்" என்றார். பச்சை மண்டலத்தில் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று விதியில் இல்லை. ஆனால் அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. புது ஊரில் விடும்போது ஒரு தாளில் பெயர், போன் நம்பர், இடம், நேரம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஊராட்சித் தலைவரிடமும் ஒரு வார்த்தை சொல்கிறேன்.

தெரியாத ஊரில் மக்கள் கோபப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. படித்துறையில் பெண்கள் குளிக்கிறார்கள், மொட்டை மாடியில் துணி காயப் போடுகிறார்கள். தலைக்கு மேல் கேமரா வந்து நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை அவருக்குத் தெரியாமல் படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவின்படி குற்றம். அதற்கு ட்ரோன் விதி எதுவும் தேவையே இல்லை. நான் ஏற்றுவதற்கு முன்பே பக்கத்தில் இருப்பவர்களைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டிவிடுவேன். "ஐயா, உங்க வயலையும் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பட்டுமா?" என்று கேட்டால் போதும். மடை எங்கே உடைந்திருக்கிறது என்று அந்தப் படத்தில் பார்த்துவிட்டு அப்போதே மண்வெட்டியோடு கிளம்பிய பெரியவரும் உண்டு.

கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அகல ட்ரோன் சில நூறு மீட்டரிலேயே புள்ளியாகிவிடும். ரிமோட் பல கிலோமீட்டர் பிடிக்கும் என்பது வேறு விஷயம். ட்ரோன் கேமராவில் தெரிவதைக் கண்முன் காட்டும் எஃப்பிவி கண்ணாடி மாட்டிக்கொண்டால் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி ட்ரோனையே பார்க்கச் சொல்லுங்கள். ஹெலிகாப்டரோ விமானமோ தாழ்வாக வந்தால் உடனே இறக்கிவிட வேண்டும், வழி எப்போதும் ஆள் இருக்கும் விமானத்துக்குத்தான். ஆடிக் காற்றில் 249 கிராம் ட்ரோனைக் காவிரிக்கு மேல் விடவே விடாதீர்கள். போகும்போது காற்றோடு போய்விடும், திரும்பி வர பேட்டரி பத்தாது.

மைக்ரோவுக்கு மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை. யார் தலையிலாவது விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் டிஜிசிஏவுக்கு, அதாவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு, தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி. மீறலுக்கு அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம். வேறு சட்டங்களில் வரும் வழக்கு தனி.

2025 செப்டம்பரில் மத்திய அரசு சிவில் ட்ரோன்களுக்கென்று தனிச் சட்ட வரைவு ஒன்றை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. தண்டனையையும் காப்பீட்டையும் இப்போது இருப்பதைவிட இறுக்கும் வரைவு அது. அதனால் ஃபைலில் வைத்திருக்கும் விதிகளின் அச்சுப் பிரதியை, ட்ரோன் வாங்கும்போது ஒரு தடவையும் அப்புறம் சில மாதங்களுக்கு ஒரு தடவையும் டிஜிசிஏ தளத்தில் இருப்பதோடு ஒத்துப் பார்த்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.